சம்பந்தியம்மாவுக்குப் போட்ட பத்தியச் சாப்பாடு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. படித்தது ஐந்தாவது வரைதான். மறதியும் உண்டு, முன்னே நடந்தது பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் கூடினால் பேச்சும் வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகன் செல்வம், கூட வேலை பார்க்கும் மெக்சிகோ நாட்டுப் பெண் லூசியாவை விரும்பினான். "வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம்" என்று பெண்ணின் அம்மா, மகளையும் கூட்டிக்கொண்டு மும்பை தாராவியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

வெளிநாட்டுக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைப்பு. மாட்டுங்காவில் ஒரு வெள்ளைக்காரர் மிளகாய் பஜ்ஜியைக் கடித்துவிட்டு நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். (அது போதாதா?) ஆகவே அந்த அம்மாவுக்கு அவித்த உருளைக்கிழங்கு, பாவ் ரொட்டி, பால்சோறு. எங்களுக்கென்று வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைப் பக்கத்து வீட்டுக்காரி பாப்பாவிடம் ஒளித்தேன்.

"மைனி, இது சம்பந்தம் பேசுத வீடா, காய்ச்சக்கார வீடா?" என்றாள் அவள்.

"சும்மா கெட. அவியளுக்கு ஒறப்பு ஆவாது."

வந்த அம்மா இரண்டு வாய் தின்றார். முகம் தொங்கிவிட்டது. மகளிடம் ஏதோ சொன்னார்.

"ஏல, என்ன சொல்லுதாவ?"

செல்வம் லூசியாவிடம் கேட்டுச் சொன்னான்: "இதத் தின்னுட்டு எம்மவ எப்படிப் பொழைப்பான்னு கேக்காங்கம்மா."

என் கிழங்கால் மகன் கல்யாணமே நின்றுவிடும் போலிருந்தது. அதற்குள் அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார், எழுந்தார், வாசனை வந்த பக்கமாக நடந்தார். பின்னாலேயே ஓடினோம். பாப்பா வீட்டில் அந்த அம்மா கறிக்குழம்பைத் தட்டில் ஊற்றி, பச்சை மிளகாயை வெள்ளரிக்காய் மாதிரி கடித்துக்கொண்டிருந்தார்!

"மைனி, கொழம்பு பத்தாது போலிருக்கே!" என்றாள் பாப்பா.

லூசியா சிரித்துச் சிரித்து ஒரு வார்த்தை சொன்னாள்: "ஹெனெரலிசார்." அவள் அம்மா தன்னையும் என்னையும் மாறி மாறிக் காட்டித் தலையாட்டினார்.

"அது என்னல?"

"ஒண்ணப் பாத்துட்டு, எல்லாமே அப்படித்தான்னு முடிவு கட்டுறதும்மா. ஸ்பானிஷ்ல அப்படிச் சொல்லுவாங்க. அவங்களும், இந்தியால யாருமே கறி தின்ன மாட்டாங்கன்னு நெனச்சு, வந்ததுலருந்து முட்டையக்கூடத் தொடலயாம்."

எனக்கு இன்னும் ஒன்று விளங்கவில்லை. சந்தையில் ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் கூறு முழுவதையும் வாங்குகிறேன். மீனுக்குச் சரியாக வருவது மனுசருக்கு ஏன் வரவில்லை?

இப்போது நான் "இந்த குஜராத்திக்காரங்கன்னாலே..." என்று வாயெடுத்தால் போதும், மருமகள் லூசியாதான் முதலில் கத்துகிறாள்: "எம்மா, ஹெனெரலிசார்!"

அந்த வார்த்தையைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். மெக்சிகோவில் எல்லாருமே மிளகாயை இப்படித் தின்பார்களா என்றும் விசாரியுங்கள். நான் பார்த்தது சம்பந்தியம்மா ஒருத்தரைத்தான்.