மூன்றாவது கோரிக்கை

'எல்லோருக்கும் அழி' என்பதை அமுக்க வேண்டிய பக்தவச்சலம், 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கிவிட்டார். செய்தி மறைந்தது. அவருடைய போனில் மட்டும்.

"ஐயையோ! சரசு, என் கண்ணாடி எங்கே?"

"பாத்ரூம்ல வச்சுட்டு வந்தீங்களே," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

இனிமேல் கண்ணாடி கிடைத்து என்ன பிரயோஜனம்? அனுப்பும்போதல்லவா மாட்டியிருக்க வேண்டும்!

அஸ்தினாபுரத்தில் பக்தவச்சலத்தைத் தெரியாதவர் கிடையாது. கருவூலத்தில் முப்பத்தாறு வருடம் கையெழுத்துப் போட்டு ஓய்ந்த மனிதர், ஓய்ந்த மறுமாதமே 'தேர்தல் கால வதந்தித் தடுப்பு இயக்கம்' தொடங்கிவிட்டார். இயக்கத்தில் பதினொரு பேர். ஆனால் வாட்ஸ்அப் குழுவில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். அது தண்ணீர் லாரி வரும் நேரத்தைச் சொல்வதற்காக ஆரம்பித்த குழு. ஒரு நாள் காலையில் பெயரை மாற்றி, முழித்துப் பார்க்கும் ஆந்தை ஒன்றைச் சின்னமாக வைத்துவிட்டார். லாரி செய்தி எப்போதாவது வரும் என்ற ஆசையில் ஒருவரும் வெளியேறவில்லை.

வாக்குப்பதிவுக்கு இன்னும் மூன்று நாள். தேர்தல் நேரத்தில் சமூக வலைத்தளங்களுக்குக் கடிவாளம் போடச் சொல்லும் மனுவை அன்று மாலை நான்கு மணிக்குத் தாம்பரத்தில் தேர்தல் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். நான்கு மாத உழைப்பு. அதில் மூன்றாவது கோரிக்கை அவருடைய சொந்தக் கைவண்ணம்: பொய்ச் செய்தியை முதலில் அனுப்பியவரின் போனைப் பறிமுதல் செய்து, இரண்டு வருடம் உள்ளே தள்ள வேண்டும்.

"ரெண்டு வருஷம் ஜாஸ்தி சார். ஆறு மாசம் போதுமே," என்று செயலாளர் ஷீலா டீச்சர் அன்றைக்கே சொன்னார்.

"பயம் வேணும் டீச்சர், பயம்!" என்றார் இவர்.

மனுவோடு இணைக்க ஒரு மாதிரி வதந்தி வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். இவரும் விடிந்ததும் உட்கார்ந்து ரசித்து ரசித்து எழுதினார்: 'அவசரம்! கூட்டத்தைத் தவிர்க்க, ஒற்றைப்படைக் கதவு எண்காரர்கள் காலையிலும், இரட்டைப்படைக்காரர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேலும்தான் ஓட்டுப் போட முடியும். உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்!' ஏழு மணிக்கு டீச்சருக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டுக் கண்ணை இடுக்கித் திரையின் மேலே பார்த்தால், ஆந்தை! குழுவுக்கே போய்விட்டது. பதறி அழிக்கப் போய்த்தான் இந்த வினை.

சரி, மறுப்பு போட்டுவிடலாம். 'சற்றுமுன் வந்த செய்தியை யாரும் நம்ப வேண்டாம்' என்று குழுவில் தட்டினார்.

அரை நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. 'எந்தச் செய்தி சார்?' 'என்ன மேட்டர்?' 'தண்ணி லாரி வராதா?'

"அப்பாடா! இன்னும் ஒருத்தரும் படிக்கல சரசு!"

படிப்பதற்கு முன்னால் முந்திக்கொள்ள வேண்டாமா? ஒற்றைப்படை, இரட்டைப்படை, மதியம் இரண்டு மணி என்று ஒன்று விடாமல் விளக்கி, இதெல்லாம் பொய் என்று எழுதிப் போட்டார்.

கால் மணி நேரத்தில் சரசுவின் தங்கை படப்பையிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, எங்க வீடு எட்டாம் நம்பர். மதியம்தான் ஓட்டு போடணுமாமே? சாம்பாரை எப்ப வைக்கிறது?"

பக்தவச்சலத்துக்கு வேர்த்துவிட்டது. வெறும் செய்தி போதாது, ஆதாரத்தோடு மறுக்க வேண்டும். இயக்கத்தின் கடிதத் தாளை எடுத்தார். கருவூலப் பழக்கம் விடுமா? பொருள், பார்வை, ஒன்று, இரண்டு என்று இரண்டு பக்கம் எழுதி, இரண்டிலும் சீல் குத்திப் படம் பிடித்துப் போட்டார். முதல் பக்கத்தில் வதந்தியின் முழு விவரம். இரண்டாம் பக்கத்தில் மறுப்பு. ஊர் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஷீலா டீச்சர் அழைத்தார். பொறுப்பாளர்கள் எல்லோரும் தங்கள் வாட்ஸ்அப் படமாகவும் அதே ஆந்தையைத்தான் வைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டவர் பக்தவச்சலம்தான். இப்போது அந்த ஆந்தை திரையில் தன்னையே முறைப்பதைப் பார்க்க இவரால் முடியவில்லை. துண்டித்தார். திரும்ப வந்தது. திரும்பத் துண்டித்தார்.

"எடுங்களேன்," என்றாள் சரசு.

"எடுத்து என்ன சொல்றது? நான்தான் அனுப்பினேன்னா?"

"ரெண்டு வருஷம் போடணும்னு எழுதினதும் நீங்கதானே. டீச்சர் பேச்சைக் கேட்டிருந்தா ஆறு மாசத்துல வெளியே வந்திருக்கலாம்."

வாசலில் சிட்டிபாபுவின் குரல் கேட்டது. ஊரின் பழைய நிலக்காரர். வயல் இருந்த இடத்திலெல்லாம் இப்போது அவர் கட்டிய வாடகை வீடுகள். கையில் முதல் பக்கத்தை அச்செடுத்தே கொண்டுவந்துவிட்டார்.

"இன்னா சார் இது, என் வூட்டுக்குப் பழைய நம்பர் ஏழு, புது நம்பர் பன்னெண்டு. நான் காலைல போவணுமா, மதியமா?"

"எப்ப வேணாலும் போலாம் சிட்டிபாபு! அது பொய்!"

"அப்போ ரெண்டு தபா போலாமா?"

"ஐயோ, ஒரு தடவைதான்! உங்களுக்கு அந்தச் செய்தி எப்ப வந்தது?"

"நமக்கா? காலைல ஆறு மணிக்கே வந்துச்சு. நமக்கு வராம யாருக்கு வரும்?" என்று சிட்டிபாபு நெஞ்சை நிமிர்த்தினார்.

ஏழு மணிக்கு அனுப்பியது ஆறு மணிக்கு எப்படி வரும்? கேட்டால் மாட்டிக்கொள்ள வேண்டும். பக்தவச்சலம் அவரை வழியனுப்பி வைத்தார்.

கடைசி முயற்சியாக ஆட்டோக்காரர் ஜெபினைப் பிடித்து, மைக் கட்டித் தெருத்தெருவாக மறுக்கச் சொன்னார். மூன்று தெரு தாண்டவில்லை, ஜெபின் திரும்பி வந்தார்.

"சார், செம பேஜார் சார். நான் பொய்யின்னு கத்திகினே போறேன், ஜனங்க இன்னான்னா, மைக்லயே சொல்றாங்கோ, அப்போ கவர்மென்ட் ஆர்டர்தான்றாங்கோ. அப்பால பர்மிஷன் எங்கன்னு போலீஸ்காரர் மைக்கைப் புடுங்கிகினாரு. இன்னா பேருன்னாரு. உங்க பேரைத்தான் சொல்லிகினு வந்தேன்."

பக்தவச்சலம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மதியம் சோறு இறங்கவில்லை. முப்பத்தாறு வருடத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம்கூட வாங்காத மனிதர், இந்த வயதில் ஜெயிலுக்கா? போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் தான் எழுதிய கோரிக்கைக்குத் தானே பயந்து ஒளிந்தால், அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். சரசு ஒரு சால்வையும் இரத்த அழுத்த மாத்திரையும் பையில் வைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

தாம்பரம் அலுவலக வாசலில் ஷீலா டீச்சர் கோப்போடு காத்திருந்தார். "சார், காலைலேர்ந்து கூப்பிடுறேன்..."

"எல்லாம் உள்ளே சொல்றேன் டீச்சர்," என்று இவர் பார்க்காமலே நடந்தார்.

அதிகாரி ஜெயஸ்ரீயின் மேஜையில் இரண்டு போன்கள் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன.

"உட்காருங்க. காலைலேர்ந்து முந்நூறு போன்! ஒருத்தர் கதவையே கழட்டி எடுத்துட்டு வரவான்னு கேக்குறார்." முதல் பக்கத்தை எடுத்துக் காட்டினார். "இது உங்க சீல்தானே? இந்தக் கதவு எண் கதையை முதல்ல கிளப்பினது யாருன்னு எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

பக்தவச்சலம் எழுந்தார். மனுவைத் திறந்து மூன்றாவது கோரிக்கையை எடுத்து வைத்தார். அதன் மேல் தன் போனை வைத்தார்.

"நான்தான் மேடம். மாதிரிக்காக எழுதினேன். காலைல ஏழு மணிக்கு, கண்ணாடி போடாம, தவறுதலா அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பிட்டேன். என்ன நடவடிக்கையோ எடுங்க. நான் தயார்."

 

ஷீலா டீச்சர் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன சார் சொல்றீங்க? அந்த மெசேஜ் எனக்கு மட்டும்தானே வந்துச்சு! ரொம்ப தத்ரூபமா இருக்கு, மனு கொடுக்கிற வரைக்கும் வேற யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்கன்னு சொல்லத்தான் காலைலேர்ந்து கூப்பிடுறேன்!"