டவுட்டண்ணன் கண்ணுக்குள் போன வைரஸ்

தோண்டியெடுத்த தங்கத்தையே சந்தேகப்பட்ட ஒரே சுரங்கத் தொழிலாளி தங்கச் சுரங்க ஊரான எங்கள் கோரமண்டலின் டவுட்டண்ணன்தான். "மஞ்சளா மின்னுதுன்றாங்கோ. யாரு கண்டா?" என்பார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பிறவியிலேயே அவருக்கு நிறம் தெரியாது. உலகமே கறுப்பு வெள்ளை. வெயிலில் கண் கூசும் என்பதால் எந்நேரமும் கறுப்புக் கண்ணாடி. ஆனால் இருட்டில் ராஜா. மற்றவர்கள் விளக்கோடு தடவித் தடவிப் போன இடத்தில் இவர் பாட்டுப் பாடிக்கொண்டே நடப்பாராம். சுரங்கம் மூடிய பிறகு தினமும் ரயிலில் பெங்களூர் போய், ஒரு பேஸ்மென்ட் கார் பார்க்கிங்கில் காவல் வேலை.

நிறம் என்பதே ஊரார் கூடிப் பேசி வைத்த சதி என்று அவருக்குச் சந்தேகம். புதுச் சட்டை போட்டால் பக்கத்து ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் மூன்று கடைகளில் தனித்தனியாக "இன்னா கலரு?" என்று விசாரிப்பார். மூவரும் பச்சை என்றால், "பாத்தியா, போன் போட்டுச் சொல்லிக்கினானுங்கோ" என்பார். எல்லாக் கட்சிக் கொடியும் ஒன்றுதான் என்று எங்கள் ஊரில் முதலில் கண்டுபிடித்தவரும் அவரே.

அவர் தன் அக்கா மகளையே கட்டியவர். சொந்தத்தில் கட்டியதில், அதே குறை மகள் தேன்மொழிக்கும் வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பில், போர்டு தெரியவில்லை, பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அழுதுகொண்டிருந்தாள். பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் இதற்கு மரபணு சிகிச்சையைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருவரையும் நான்தான் அழைத்துப் போனேன்.

"பழுதான ஜீனுக்குப் பதிலா நல்ல ஜீனை ஒரு வைரஸ்ல ஏத்தி, விழித்திரைக்கு அடியில ஊசி போடுவோம் சார். கெடுதல் பண்ணாத வைரஸ்தான்" என்றார் டாக்டரம்மா.

டவுட்டண்ணன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "கொரோனா அப்போ வைரஸ்னு வூட்ல வெச்சிப் பூட்னீங்கோ. இப்ப அதையே கண்ணுக்குள்ள ஊத்தறேன்றீங்கோ?"

"இது வெறும் வண்டி சார். சரக்கை இறக்கிடும்."

"வண்டி வெளிய வருமா?"

"வராது."

கேட்டுக்கொள் என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு, "கலரு தெரியுமா?" என்றார்.

"உறுதியா சொல்ல முடியாது. கூச்சம் குறையலாம். சின்ன வயசுன்னா பலன் அதிகமா இருக்கலாம். ஆபத்தும் கொஞ்சம் இருக்கு."

"எனக்குப் போடட்டும்பா" என்றாள் தேன்மொழி.

அவர் நாற்காலியை மறுபடி முன்னுக்கு இழுத்துக்கொண்டார். "டாக்டரம்மா, எங்க சுரங்க ஷாஃப்ட்ல ஆளை ஏத்தி இறக்கற கேஜுக்குப் புதுக் கயிறு மாட்னா, மொதல்ல கல்லு ஏத்தி இறக்கிப் பாப்போம். அப்புறந்தான் ஆளு ஏறுவான். மொதல்ல எனக்குப் போடுங்கோ. நான்தான் கல்லு."

படிவத்தை என்னை நான்கு முறை படிக்கவைத்தார். பேனாவைச் சந்தேகப்பட்டு உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

ஒரு கண்ணில் ஊசி போட்டு ஒரு வருடம் ஆயிற்று. நிறம் எதுவும் வரவில்லை. கூச்சம் குறைந்திருக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். அன்றைக்கு வானம் மேகமூட்டமாக இருந்திருக்கும் என்கிறார் இவர். ஆனால் கண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை.

போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். "கேஜு பத்திரமா மேல வந்துட்சி தம்பி. இனிமே பாப்பா ஏறலாம். டாக்டரம்மாவுக்குப் போன் போடு."

அப்படியே அவரைக் கட்டிக்கொண்டேன்.

"இன்னா விஷயம்? எதுக்கு இப்ப இது?" என்று என் தோளுக்குப் பின்னாலிருந்து விசாரித்தார். கையை மட்டும் எடுக்கவில்லை.