எண்ணூர் ஆதிமனிதனின் முன்பல்

மனிதகுலத்தின் கதை ஆப்பிரிக்காவில்தான் தொடங்கியது என்று இனி எவரும் துணிந்து பேச முடியாது. எண்ணூர் கழிமுகத்தில், மீனவப் பெண் கெங்கம்மாவின் வீட்டுப் பின்புறத்தில் கிடைத்த ஒரே ஒரு முன்பல், உலக வரலாற்றைப் புரட்டிப் போட்டுவிட்டது.

அதைக் கண்டெடுத்த பெருமை 'ஆதிமனித இடப்பெயர்வு ஆய்வு மைய' இயக்குநர் யசோதராவையே சேரும். கெங்கம்மா மட்டிச் சிப்பியை அவித்துச் சதையை எடுத்துக்கொண்டு ஓடுகளைக் கொட்டும் குவியலில் அம்மையார் தோண்டினார். கொண்டுவந்த காபி ஆறுவதற்குள் ஆதிமனிதன் பல்லை இளித்துவிட்டான்.

"சாணம் பூசியிருக்கிறது!" அவர் பல்லை உயர்த்திப் பிடித்தார். "சவச் சடங்கு! மறுபிறவி நம்பிக்கை! உலகத்தில் எவருக்கும் முன்பே இவன் மாடு வளர்த்திருக்கிறான். எழுதிக்கொள்ளுங்கள், பன்னிரண்டு லட்சம் ஆண்டுப் பழமை!"

"சோதனைக்கு அனுப்ப வேண்டாமா மேடம்?" என்றார் உதவியாளர்.

"விழாவுக்குத் தேதி குறித்தாயிற்று. சோதனை ஒத்துழைக்காவிட்டால்?"

இதுவல்லவா 'அறிவியல் மனப்பான்மை'!

கொஞ்சம் தள்ளி நின்ற கெங்கம்மா, புருஷன் சின்னப்பையனின் காதைக் கடித்தாள்.

"யோவ், அது உன் பல்லுய்யா."

"பின்ன? போன மாசம் வுழுந்துச்சே. சாணில உருட்டி கூர மேல எறிஞ்சா மறுபடி மொளைக்கும்ல?"

"அது பால் பல்லுக்குய்யா! அறுபது வயசுல உனுக்கு இன்னா மொளைக்கப் போவுது?"

"அதான் கூரையிலேர்ந்து உருண்டு அங்க வுழுந்துகீது. இரு, கேட்டு வாங்கியாறேன்."

"கம்முனு கெட! அனல்மின் நிலையத்து சாம்பல் குழாய் போட நம்ம வூட்ட இடிக்கணும்னு நோட்டீஸ் ஒட்டிகீறான்ல? அந்தம்மா இன்னா சொல்லிச்சு, கேட்டியா? இனிமே இங்க ஒரு கல்லகூட அசைக்கக் கூடாதாம். உன் பல்லுதான்யா நம்ம வூட்டக் காப்பாத்தப் போவுது. நீ வாய மட்டும் தொறந்துராத."

சின்னப்பையன் திறக்கவில்லை. விழாவில் அவனுக்கே பொன்னாடை போர்த்தி, "உங்கள் மூதாதையைப் பற்றி இரண்டு வார்த்தை" என்று மைக்கை நீட்டியபோதும் உதட்டை இறுக்கிக்கொண்டு கும்பிட்டான்.

"மண்ணின் மௌனம்!" என்று யசோதரா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குழாய் வேறு வழியில் போகும் என்று மேடையிலேயே அறிவித்தார்கள். கெங்கம்மா தட்டிய கைதட்டலில் காக்கைகள் பறந்தன. அன்றைக்கு வீட்டில் இறால் தொக்கு.

அடுத்து பல்லுக்குக் கண்ணாடிக் கூடு வந்தது. சொத்தை விழக் கூடாதே, குளிர்சாதனம் வந்தது. கெங்கம்மா வீட்டையும் வளைத்துக் கம்பி வேலி வந்தது. கடைசியாக யசோதராவோடு ஜெயவேல் வந்தார், ஆக்கிரமிப்பு அகற்றும் அலுவலர்.

"காலி பண்ணணும்மா. இது பாதுகாக்கப்பட்ட மனித வாழிடம். இங்க மனுஷங்க வாழக் கூடாது."

"அவன் மட்டும் வாழ்ந்தான்றீங்க?"

"அவன் செத்துட்டான்ல? சட்டத்த மதிச்சு நடந்துகிட்டான்."

அப்போதுதான் சின்னப்பையன் வாயைத் திறந்தான். ஆவென்று திறந்தான்.

"மேடம், இந்தா ஓட்ட! அந்தப் பல்ல எட்த்தாந்து வெச்சுப் பாரு, கச்சிதமா உக்காரும்!"

யசோதரா குனிந்து, பொறுமையாகப் பார்த்தார்.

"ஐயா, அந்தப் பல் இங்கே வாழ்ந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. நீங்கள் வாழ்ந்ததற்கு?"

"அந்தப் பல்லுதாம்மா!"

"அது எங்கள் ஆதாரம்" என்றார் அவர், கனிவாக.

புளியந்தோப்பில், கடல் இருக்கும் திசைகூடத் தெரியாத நாலாவது மாடியில் ஒரு வீடு 'வழங்கப்பட்டது'. வலையும் பாத்திரங்களும் மினி வண்டியில் ஏறின. மேலே சின்னப்பையன் ஏறி உட்கார்ந்தான், மறுபடி வாயை மூடிக்கொண்டு.

வேலி வாசலில் ஒரு பெயிண்டர் புதுப் பலகை எழுதிக்கொண்டிருந்தான். கெங்கம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'இங்கு வாழ்ந்த மனிதன் எதனால் இடம்பெயர்ந்தான் என்பது இன்றுவரை விளங்காத புதிர். ஆய்வு தொடர்கிறது.'

வண்டி நகர்ந்தது.

"யப்பா பெயிண்டரு!" கெங்கம்மா வண்டியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள். "உள்ள கீற அந்தம்மாவ ஒரு தபா ரோட்டப் பாக்கச் சொல்லு. அவன் இப்பத்தான் போய்கினுகீறான்!"