லைன்மேனும் ஒரு சொம்புத் தண்ணீரும்

ஜவ்வாது மலையில் மழையைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர், நான் அங்கே வேலை பார்த்தபோது பக்கத்து வீட்டில் இருந்த லைன்மேன்தான். கம்பத்து உச்சியில் ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு பீடி பற்றவைக்கிற ஆள். நாலு தூறல் விழுந்தால் ஊர் சாமை விதைக்க ஓடும். அவர் செடிகளை உள்ளே தூக்க ஓடுவார். "கரண்ட் இல்லீங்க" என்று போன் செய்தால், "இருங்க சார், புள்ளைங்க நனையுது!" என்பார்.

அந்தப் பிள்ளைகள், கற்றாழைபோல இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும் சக்குலன்ட் செடிகள். கொழுத்த இலைகள் ரோஜாப்பூப்போல அடுக்கடுக்காக விரிந்திருக்கும். துருப்பிடித்த ஃபியூஸ் பெட்டிகள்தான் தொட்டி. மண் வெடித்த பிறகும் விரலை விட்டுப் பார்த்து, "இன்னும் ஈரம் கீது" என்று போய்விடுவார்.

எதிர்வீட்டில் புளி விற்கும் அம்மாவுக்கு அது பொறுக்காது. "இன்னா மனுஷன்ணா நீ! வாயில்லா ஜீவனுக்கு ஒரு சொம்பு ஊத்தினா கொறஞ்சா போய்டுவ?"

மகளைப் பிரசவத்துக்குத் திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்க்கக் கிளம்பிய லைன்மேன், "யாரும் தண்ணி ஊத்தாதீங்க, கையெடுத்துக் கும்பிடறேன்" என்று தெருவுக்கே சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார். பஸ் வளைவுகூடத் திரும்பியிருக்காது, புளிக்காரம்மா சொம்போடு வந்துவிட்டார். பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் செடி வாடக் கூடாதாம். அந்தப் பெண்ணுக்காக வேண்டிக்கொண்டே வேளை தவறாமல் ஊற்றினார்.

பேத்தி பிறந்த சந்தோஷத்தில் லட்டோடு வந்த லைன்மேன் வாசலிலேயே நின்றுவிட்டார். வருஷக்கணக்காக வளர்த்த இலை ரோஜாக்கள் தண்டு கறுத்துக் கூழாகிக் கிடந்தன. புளிக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "உம் பொண்ணு நல்லபடியா பெத்து வரணும்னுதாண்ணா ஊத்தினேன்."

தெருவே கூடிவிட்டது. அவர் லட்டை ஓரமாக வைத்துவிட்டுக் குனிந்தார். கூழை விலக்கி, அழுகாத இலைகளை மட்டும் பொறுக்கிக் காய்ந்த மணல்மேல் படுக்கவைத்தார்.

"வேரே இல்லியே, எப்படிங்க பொழைக்கும்?" என்றேன்.

"அது பாத்துக்கும் சார். நாமதான் சும்மா இருக்கணும்."

சில வாரம் கழித்துக் கூப்பிட்டுக் காட்டினார். சுருங்கிப்போன இலை ஒவ்வொன்றின் அடியிலும் மிளகளவு ஒரு ரோஜா! அத்தனை அடுக்கோடும் முழு ரோஜா. யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை; இலை தன்னிடம் இருந்த ஈரத்தையே கொடுத்து வளர்த்திருக்கிறது. சத்தியமாக எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முதல் குட்டியைப் புளிக்காரம்மாவிடம் நீட்டினார். "என் பேத்திக்கு வேண்டிக்கினது நீதானம்மா. இத்தயும் நீயே வளத்துக் குடு."

"ஐயோ, என் கை சும்மா இருக்காதுண்ணா!"

"சொம்பத் தூக்கினா, அந்தத் தண்ணிய நீயே குடிச்சிடு."

எனக்கும் ஒன்று கொடுத்தார். இப்போது வேலூரில் என் ஜன்னலில் இருக்கிறது. அதற்குத் தாகமாக இருக்குமோ என்று தோன்றும்போதெல்லாம், தம்ளர் தண்ணீரை நானே குடித்துவிட்டு அவருக்கு ஒரு போன் போடுகிறேன்.