நாலிதழ் நாயகர்

'புதிது கண்டவர்' என்றோர் இனம் உண்டு, வாசகரே. மனித இனம்தான். மழைக்காலக் காளான்போல எங்கும் முளைக்கும். ஆனால் தன்னைப்போல் இன்னொன்று இல்லை என்றே ஒவ்வொன்றும் நம்பும். ஒரகடம் தொழிற்சாலையொன்றில் கார் கதவுக் கைப்பிடிகளுக்குத் தரம் பார்க்கும் யாக்கோபு இதன் அசல் மாதிரி. வீட்டிலும் அவருக்கு அதே கண். தோசையின் ஓரம் கொஞ்சம் பிய்ந்திருந்தாலும் "ரிஜெக்ட்" என்று தட்டைத் தள்ளுவார்.

போன ஆகஸ்டில் கம்பெனி நண்பர்களோடு இமயமலை ஏறினார். மற்றவர்கள் பனிச்சிகரத்தைப் பார்த்து வாய்பிளந்து நிற்க, இவர் குப்புறப் படுத்து, பாறையிடுக்கில் நடுங்கிய நீலப் பூவொன்றைப் படமெடுத்தார். அந்த வகைப் பூவுக்கு ஐந்து இதழ் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான். இதற்கு நாலு! யாக்கோபுக்கு மூச்சு நின்றது. குளிராலா? புகழால்.

பென்னலூர் வீட்டுக்கு வந்ததும், தோள்பையைக்கூட இறக்காமல் மனைவியின் கையைப் பிடித்தார்.

"அன்னபுஷ்பம்! உலகத்துல யாரும் பாக்காத பூ. உம் பேரத்தான் வெக்கப்போறேன்."

கல்யாணமான நாள்முதல் ஒரு முழம் மல்லிகை வாங்கித் தராத மனிதர்! அன்னபுஷ்பத்துக்குக் கண் தளும்பிவிட்டது. தெருக்குழாயிலிருந்து கோயில் பாடகர் குழுவரை செய்தி பறந்தது. நாத்தனார் லூர்தம்மாள் மட்டும் மோவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள்.

"இவன் வெச்சா ஆச்சா? படிச்சவங்க ஒத்துக்க வேணாமா?"

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி வூட்டுக்கு வாங்க அண்ணி. பேரோட காட்றேன்!" என்றாள் அன்னபுஷ்பம்.

படத்தைத் தாவரவியல் பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, யாக்கோபு டிவி பேட்டிக்குச் சட்டை தைத்தார். தொழிற்சாலை லைனில் கைப்பிடிகளைப் பார்த்தபடியே 'அன்னபுஷ்பியா' என்று லத்தீன் பழகினார். கேன்டீன் ரசத்தில் மிதந்த கறிவேப்பிலையைக்கூடச் சந்தேகத்தோடு திருப்பிப் பார்த்தார்.

சனிக்கிழமை பதில் வந்தது. படித்ததும் யாக்கோபு போனைச் சட்டைப்பைக்குள் புதைத்துக்கொண்டார்.

ஞாயிறு, லூர்தம்மாள் வந்து உட்கார்ந்ததும் அன்னபுஷ்பமே போனைப் பிடுங்கி உரக்க வாசித்தாள்: "ஏற்கெனவே நன்கு அறியப்பட்ட பூ. ஓர் இதழைப் பூச்சி தின்றிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் காம்பில் பூச்சியும் தெரியும்."

"அப்போ பேர அந்தப் பூச்சிக்கு வெச்சிடேன்டா தம்பி!" என்றாள் லூர்தம்மாள்.

அன்னபுஷ்பம் அழவில்லை. புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏங்க, தோச ஓரம் பிஞ்சா ரிஜெக்ட்டு. பூவு இதழு பிஞ்சா மட்டும் புது வகையா?"

விடுவிடுவென்று அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்து தட்டில் ஒரு தோசையைப் போட்டாள். நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் கந்தல்.

"துன்னுங்க. உலகத்துல யாரும் பாக்காத தோச. உங்க பேரத்தான் வெச்சிருக்கேன்."

யாக்கோபு வாயைத் திறந்தார். தின்பதற்கு மட்டும்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில், சாக்கடையோரச் செடிக்குமுன் மண்டியிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு போனை நீட்டியவர் யார்? பின்பக்கம் பார்த்தால் உங்களைப் போலவே இருந்தது. எதற்கும், இதழை எண்ணுமுன் பூச்சியைத் தேடிவிடுங்கள்.