மச்சினன் இயந்திரமான விவரம்

யார் மனிதர், யார் மனிதரில்லை என்று தீர்மானிக்கும் பொறுப்பு பார்வையற்றோர் நல அலுவலகத்திடம் வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை. அதுவரை அந்த அலுவலகம் சிவனே என்று அடையாள அட்டை கொடுத்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் நிரல்கள் மனிதர்களைப் போல நடித்து ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் போடுகின்றன என்று தெரியவந்ததும், அவற்றை வாசலிலேயே மடக்க இணையதளத்தில் ஒரு படச் சோதனை வைத்தார்கள். ஒன்பது படம். படிக்கட்டு இருக்கும் படங்களைப் பார்த்துத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் மனிதர், உள்ளே போகலாம். பார்வையற்றவர்களுக்கான அட்டைக்கு இப்படியொரு சோதனையா என்று அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

என் மச்சினனுக்குத் தோன்றியது. மனைவியின் தம்பி. பிறவியிலேயே பார்வை கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பன்னிரண்டு வருஷமாக, வருகிற அழைப்புகளை டாக்டர்களுக்கு இணைத்துக் கொடுக்கிறான். நர்ஸ் தும்மினாலே எந்த வார்டு என்று சொல்லிவிடுவான். மாதக் கடைசிக்குள் அட்டையைப் புதுப்பிக்காவிட்டால் அவன் நாற்காலியில் பதில் சொல்லும் இயந்திரத்தை வைத்துவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இயந்திரத்துக்கு மேலிடத்தில் எழுதியும் போட்டாயிற்று.

அவன் போன் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும். சோதனை வந்ததும் "படம், படம், படம்" என்று ஒன்பது தடவை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டது. என்னைக் கூப்பிட்டான். இதெல்லாம் ஒரு வேலையா என்று உட்கார்ந்து டக்கு டக்கென்று தொட்டுக் கொடுத்தேன். பெருமை வேறு எனக்கு.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. "தாங்கள் ஒன்பது படங்களில் நான்கு படிக்கட்டுகளை ஆறே விநாடிகளில் கண்டறிந்துள்ளீர்கள். ஆகவே தங்களுக்குப் பார்வை உள்ளது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." உதவி பண்ணுகிறேன் பேர்வழி என்று தம்பி வேலைக்கு உலை வைத்துவிட்டேன் என்று என் மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தப்பு என்மேல்தான், என்ன சொல்ல.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி தங்கமான மனிதர், உட்காரச் சொன்னார். படத்தைப் பார்த்தது இவனில்லை, நான் என்று விளக்கினேன்.

"அப்ப விண்ணப்பதாரர் மனிதர்னு இன்னும் நிரூபணம் ஆகலையே?" என்றார்.

"எதிர்லதானே சார் உட்கார்ந்திருக்கேன்" என்றான் மச்சினன்.

"நான் பார்க்கிறேன். சிஸ்டம் பார்க்கலையே."

ஆனால் அலுவலகத்துக்குக் கருணை இல்லாமலில்லை. பார்வையற்றவர்களுக்காகவே ஒலிச் சோதனை ஒன்று உண்டு. இரைச்சலுக்கு நடுவே சொல்லும் ஆறு எண்களைக் கேட்டு அடிக்க வேண்டும். அதைத் திறக்க, திரை மூலையில் இருக்கும் காது படத்தைக் கண்டுபிடித்துத் தொட வேண்டும், அவ்வளவுதான். அதிகாரி பெரிய மனது பண்ணித் தானே தொட்டார். எனக்கு மிக்ஸி ஓடுவது மாதிரி இருந்தது. மச்சினன் தலையைக்கூடச் சாய்க்கவில்லை. கடைசி எண் முடிவதற்குள் ஆறையும் அடித்துவிட்டான். திரை சிவந்தது. "மனிதக் காது இவ்வளவு தெளிவாகக் கேட்க இயலாது. விண்ணப்பதாரர் இயந்திரம் எனப் பதிவு செய்யப்பட்டது."

அதிகாரிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. பதிவை நீக்க அவர் தன் கணக்கில் நுழைய வேண்டும். நுழைய அவருக்கும் படச் சோதனை. ஏணி படிக்கட்டில் சேருமா என்று பக்கத்து மேசையைக் கேட்டார். சேரும் என்றார்கள், தப்பு. அப்படியானால் சேராது என்றார்கள், அதுவும் தப்பு. மூன்றாம் முறை அவரையும் இயந்திரம் என்று வெளியே தள்ளிவிட்டது. மறுபடி நுழைய, தாம் மனிதர்தான் என்று டாக்டரிடம் சான்றிதழ் வாங்க வேண்டுமாம். அந்த விதியை எழுதியதே அவர்தான்.

பதிவை நீக்க ஆளில்லாததால், அலுவலகம் அச்சடித்துக் கொடுத்த பதிவுத் தாளையே ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். முத்திரையோடு "இயந்திரம்" என்று இருந்ததைப் பார்த்து மேலாளர் முகம் மலர்ந்தது. கேட்டிருந்தோம், வந்துவிட்டது என்று வாங்கிக்கொண்டார். மச்சினனை அதே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அட்டை தேவையில்லை. லீவும் கிடையாது. அவன் சாப்பிடப் போகும்போது "பழுது பார்க்கப்படுகிறது" என்று பலகை மாட்டுகிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது, அவனானால் சிரிக்கிறான்.

போன வாரம் அதிகாரி சான்றிதழுக்காக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். குரலைக் கேட்டதுமே இவன் கண்டுகொண்டான். இயந்திரம் மாதிரியே இழுத்து, "நீங்கள் மனிதர் என்றால் எண் ஒன்றை அழுத்தவும்" என்றான். அழுத்தினார். உறுதி செய்ய மீண்டும் அழுத்தச் சொன்னான். அழுத்தினார்.

"ஏழு தடவை அழுத்தினாரு மாமா. எதுக்குன்னு ஒரு தடவைகூடக் கேட்கல. பாவமா இருந்துச்சு, டாக்டருக்கு இணைச்சு விட்டுட்டேன்."

விழுந்து விழுந்து சிரித்தேன். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். ஒன்பது படம் வந்தது. படிக்கட்டைத் தேட ஆரம்பித்தேன்.