நூறு சதவீதம் காலி

வருமுன் காப்போர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். தியேட்டருக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். இவர் வெளியே போகும் கதவைத் தேடுவார். பஸ்ஸில் ஏறினால் அவசர ஜன்னல் திறக்கிறதா என்று ஒரு இழுப்பு, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மாட்டிய இடத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை, இல்லையென்றால் கண்டக்டருக்கு அரைமணி நேர வகுப்பு. மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் அந்த ஜன்னல் வழியாகக் கண்டக்டரே குதித்துவிடலாமா என்று யோசிப்பார்.

இப்படிப்பட்டவரால் வழக்கமாக வீட்டாருக்கு மட்டும்தான் தொல்லை. ஆனால் அரசாங்கமே கூப்பிட்டு ஒரு மேஜையும் முத்திரையும் கொடுத்துவிட்டால்? நம்முடைய ஆளுக்குக் கொடுத்துவிட்டது. ஊருக்கு வெளியே அணுமின் நிலையம் கட்டலாமா என்று யோசனை. இன்னும் ஒரு செங்கல் வைக்கவில்லை. முள்வேலி, பெயர்ப்பலகை, நாற்காலியில் தூங்கும் காவல்காரர், அவ்வளவுதான். இருந்தாலும் நாளைக்கு அங்கே ஏதாவது ஆனால் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அத்தனை பேரையும் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேற்ற முடியும் என்று ஓர் அதிகாரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் நிலையம் வரும். போடாவிட்டால் வராது. அந்தக் கையெழுத்து இவருடையது.

இரண்டு வருடம் உட்கார்ந்து திட்டம் எழுதினார். பிரதான அறிக்கை நாற்பது பக்கம். இணைப்புகள் பதினாறு, அவற்றின் எடை ஏழு கிலோ. எதைக் கேட்டாலும் இணைப்பு எண்தான் பதில். மழை பெய்தால்? இணைப்பு மூன்று. டிரைவர் வராவிட்டால்? இணைப்பு ஏழு. ஏழைத்தான் அடிக்கடி சொல்வார். அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'இணைப்பு ஏழு' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் குடியிருந்த மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருந்த தையல்காரர்தான் ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டார்.

"சார், கட்டவே இல்லாத ஒண்ணுக்கு பயந்து இப்பவே ஏன் சார் ஓடணும்?"

"கட்டினப்புறம் ஓடக் கத்துக்க முடியாதுப்பா."

நல்ல பதில்தான். நியாயமான பதிலும்கூட. இந்த இனத்தாரிடம் உள்ள சங்கடமே அதுதான்: பேசும்போது அவர்கள் சொல்வது எல்லாமே சரியாக இருக்கும்.

கணக்கெடுப்பிலும் அவர் யாரையும் நம்பவில்லை. தன் தெருவுக்குத் தானே போனார். வீடு வீடாகக் கதவைத் தட்டி, எத்தனை பேர், எத்தனை குழந்தை, நடக்க முடியாதவர் உண்டா என்று எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்கினார். ஆனால் ஒரு விதி இருந்தது. கணக்கெடுப்பவர் தன் சொந்த வீட்டைத் தானே கணக்கெடுக்கக் கூடாது. வேறோர் அலுவலர்தான் எடுக்க வேண்டும். பாரபட்சம் வந்துவிடக் கூடாதல்லவா? விதியை எழுதியவரும் அவர்தான். ஆகவே தன் வீட்டுக் கதவைத் தாண்டி மிக நேர்மையாக அடுத்த வீட்டுக்குப் போனார். அந்த வேறோர் அலுவலர் யார் என்று குறிப்பிடத்தான் மறந்துவிட்டார்.

ஊரைக் காலி செய்து பார்க்கும் ஒத்திகைக்கு நாள் குறித்தார்கள். வீட்டுக்கு வீடு மஞ்சள் சீட்டு வந்தது, பஸ் எண்ணும் இருக்கை எண்ணும் போட்டு. இவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை.

"ஏங்க, நமக்கு இன்னும் சீட்டு வரலையே?" என்றாள் மனைவி.

"வரும் வரும். எல்லாம் பிளான்ல இருக்கு."

அவள் நம்பினாள். இரண்டு வருடமாக அவர் கண் சிவக்க எழுதியதை அருகிலிருந்து பார்த்தவள் நம்பாமல் என்ன செய்வாள்? அவளுடைய அப்பா அவர்களோடுதான் இருந்தார். முப்பது வருடம் தபால்காரராக ஊரெல்லாம் நடந்த கால்கள், இப்போது சக்கர நாற்காலியில். வீடோ மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஒத்திகையன்று காலை ஒன்பது மணிக்கே மருந்துப் பை, தண்ணீர், கண்ணாடிக்கூடு எல்லாம் எடுத்துவைத்து, சைரன் ஊதியதும் தையல்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அப்பாவை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்து, தெருவில் எல்லோருக்கும் முன்னால் போய் நின்றாள். கணவரின் திட்டம் ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை, வேறென்ன.

பட்டியலை வைத்துக்கொண்டு பஸ் வாசலில் நின்றவர் வேறு பகுதியிலிருந்து வந்த ஒரு டீச்சர். மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். "உங்க வீடு இதுல இல்லையேம்மா" என்றார். பாவம், நல்ல மனுஷி. கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டார்.

கட்டுப்பாட்டு அறை என்பது அரசு அலுவலகத்தின் மாடி. சுவர் முழுக்க வரைபடம், நடுவில் ஒரு கடிகாரம், கடிகாரத்துக்குக் கீழே நம்முடையவர்.

"சார், லிஸ்ட்ல இல்லாத ரெண்டு பேர் நிக்கறாங்க. ஒருத்தர் வீல்சேர்ல."

"லிஸ்ட்ல இல்லன்னா அந்தத் தெரு ஆளே இல்ல. வெளியாட்கள். இணைப்பு ஒன்பது பாருங்க. பஸ்ஸ எடுக்கச் சொல்லுங்க."

"இல்ல சார், அந்தம்மா சொல்றாங்க, அவங்க உங்களோட..."

"டீச்சர், முப்பது செகண்டுக்கு மேல ஒரு கால் போகக் கூடாது."

வைத்துவிட்டார். பஸ்ஸில் ஏறியிருந்த தையல்காரர் இறங்க முயன்றார். அவருடைய மூன்றாம் இருக்கை காலியானால் கணக்கு உதைக்கும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். பஸ் போனது. பின்னாலேயே ஒலிபெருக்கி வேன் வந்தது. "இந்தத் தெரு நூறு சதவீதம் காலி! ஒத்துழைத்த பொதுமக்களுக்கு நன்றி!" என்று அறிவித்தபடி அந்த இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனது. கிழவர் மரியாதைக்குக் கையை ஆட்டினார்.

மூன்று மணி ஐம்பது நிமிடத்தில் மொத்தப் பகுதியும் காலி. அறையில் கைதட்டல். சான்றிதழை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்தை வீட்டில் வைத்து, பஸ்ஸில் திரும்பி வரும் மனைவி பார்க்கப் போடலாம் என்று பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். பஸ்கள் இன்னும் திரும்பவில்லை, தெருவில் ஈ காக்கை இல்லை. மாடிப்படியின் அடியில் மட்டும் இரண்டு பேர். இறக்கிவிட்டவர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள். ஏற்றிவிட ஆள் ஏது?

"நீங்க ஏன் போகல?" என்று கேட்டார்.

"நாங்க வெளியாட்களாமே" என்றாள் அவள். குரல் உயரவில்லை. அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது.

எந்த இணைப்பும் அவர் வாயில் வரவில்லை. மாமனார்தான் பேசினார். "மாப்பிள, முப்பது வருஷம் வீடு வீடா போனவன் நான். பூட்டின வீட்டக்கூட விட்டதில்ல. விடுங்க, இது ஒத்திகைதானே? பசிக்குது."

"நெஜமாவே சைரன் ஊதினா நீங்க எங்க இருப்பீங்க?" என்றாள் மனைவி.

"கண்ட்ரோல் ரூம்ல."

"அப்ப அப்பாவ யார் தூக்குவா?"

அவளே நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். "சரி, அந்தப் பக்கம் பிடிங்க."

பிடித்தார். மாடி வீடுகளில் நடக்க முடியாதவர்களுக்கு, படி ஒன்றுக்கு இத்தனை விநாடி என்று வகுத்துப் பெருக்கி, தலைக்கு நான்கு நிமிடம் என்று அவர்தான் எழுதியிருந்தார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். இப்படி எத்தனை வீடு, எத்தனை மாடி என்று எண்ணத் தொடங்கினார். வீடு போய்ச் சேர இருபத்தாறு நிமிடம். மாமனாருக்குச் சோறு போட்டபின் சான்றிதழை எடுத்தார், 'நூறு' என்ற சொல்லை நெடுநேரம் பார்த்தார், பேனாவை மூடினார். கெடு கடந்தது, மேலிடத்திலிருந்து மூன்று நினைவூட்டல்கள் வந்தன. இன்னும் அவர் கையெழுத்துப் போடவில்லை.

சிரித்தீர்களா? நல்லது. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார், எல்லாவற்றுக்கும் முன்யோசனை உள்ளவர், 'நான் இருக்கேன்ல, பயப்படாதீங்க' என்று சொல்பவர். அது நீங்கள்தான் என்கிறீர்களா? அப்படியானால் ஒரு வேலை செய்யுங்கள். இன்று சாப்பாட்டு வேளையில் எல்லோரையும் உட்காரவைத்து, ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க இருப்பேன் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் உங்களுக்குப் பதில் சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால், கோபப்படாதீர்கள்.